வெற்றிடத்தில் வழுக்குவது எது?

தரையில் ஒரு பேரிங்கில் கிரீஸ் வற்றினால் கழற்றித் துடைத்து மறுபடி அடைக்கலாம். செயற்கைக்கோளில் அதற்கு வழியில்லை. ஏவும் முன் இட்ட கொஞ்சம் எண்ணெயோ, ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர் தடிமனுள்ள படலமோதான் 15 ஆண்டுகள் வரை தாக்குப்பிடிக்க வேண்டும்.

சாதாரண எண்ணெய் வெற்றிடத்தில் ஆவியாகிவிடும். அந்த ஆவி குளிர்ந்த லென்ஸில் போய்ப் படிந்து கருவியையே குருடாக்கும். அதனால்தான் மசகை, அதாவது உராய்வைக் குறைக்கும் பொருளை, வெற்றிடத்தில் 125 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வைத்துச் சோதிக்கிறார்கள். எடை இழப்பு 1 சதவீதத்துக்குள்ளும், 25 டிகிரி தட்டில் படியும் ஆவி 0.1 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். ஃப்ளூரின் கலந்த எண்ணெய்கள் இதில் எளிதாகத் தேறிவிடும். ஆனால் அழுத்தம் கூடி எண்ணெய்ப் படலம் மெலிந்து எஃகு எஃகோடு உரசும்போது இரும்பு ஃப்ளூரைடு உண்டாகும். அது மிச்சமிருக்கும் எண்ணெயையும் சிதைக்கத் தொடங்கும். எஃகுக் குண்டுகளுக்குப் பதில் சிலிக்கான் நைட்ரைடு பீங்கான் குண்டுகளைப் போடுவதற்கு இது முக்கியமான காரணம்.

காற்றில் எஃகு கீறப்பட்டால் உடனே புது ஆக்சைடு தோல் மூடிக்கொள்ளும். வெற்றிடத்தில் அந்தத் தோல் திரும்ப வராது. வெறும் உலோகம் வெறும் உலோகத்தைத் தொட்டால், சூடே இல்லாமல் ஒட்டிக்கொள்ளும்.

எண்ணெய்க்குப் பதில் திடப் படலமாக இடும் உலர் மசகுகளில் மாலிப்டினம் டைசல்ஃபைடுதான் முதலிடம். ஏடு ஏடாக அடுக்கிய அமைப்பு. ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும். வெற்றிடத்தில் அதன் உராய்வுக் குணகம் (குறையக் குறைய நன்றாக வழுக்கும்) 0.05-க்கும் கீழே. ஈரக் காற்றில் அது பல மடங்கு ஏறும், படலமும் சீக்கிரம் தேயும். கிராஃபைட் இதற்கு நேர் எதிர்: நீராவி இருந்தால்தான் வழுக்கும். ஆகவே தரைச் சோதனையை உலர் நைட்ரஜனிலோ வெற்றிடத்திலோ செய்வதே சரி. காற்றில் ஓட்டிய ஒவ்வொரு சுற்றும் ஆயுளில் கழிந்துவிடும்.

வியாழன் கோளுக்கு அனுப்பிய கலிலியோ விண்கலத்தில் நடந்தது இதன் இன்னொரு முகம். 1991 ஏப்ரலில் அதன் முதன்மை ஆன்டெனாவைக் குடைபோல் விரிக்க முயன்றபோது, 18 கம்பிகளில் சில சிக்கிக்கொண்டன. ஏவுதளத்துக்கும் ஆய்வகத்துக்கும் இடையே லாரியில் போய்வந்த அதிர்வில் கம்பிகளைப் பிடித்திருந்த ஊசிகளின் உலர் மசகு தேய்ந்துபோனது என்பதே பொறியாளர்கள் வந்த முடிவு. நொடிக்கு 134 கிலோபிட் அனுப்ப வேண்டிய கலம் அதிகபட்சம் 160 பிட் அளவில்தான் பேசியது.

பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் சூரியப் பலகைகளைச் சுழற்றும் மூட்டுக்கு மட்டும் இரண்டாவது வாய்ப்பு வாய்த்தது. 2007-இல் வலப்பக்க மூட்டின் உறையைத் திறந்தபோது உள்ளே இரும்புத் துகள்கள் கிடந்தன. மூட்டின் வளையத்தில் ஓடும் உருளைகளின் தங்கப் பூச்சு போதுமான மசகைத் தரவில்லை. உராய்வு கூடி உருளைகள் சாய்ந்தன. அவற்றின் விளிம்பு அழுத்தியதில் வளையத்தின் கடினப்படுத்திய மேற்பரப்பு செதில் செதிலாகப் பெயர்ந்தது. 2008 நவம்பரில் வீரர்கள் துகள்களைத் துடைத்தெடுத்து, உருளைத் தொகுதிகளை மாற்றி, வளையத்தில் கிரீஸ் தடவினார்கள். மோட்டார் இழுத்த மின்னோட்டம் தெளிவாக இறங்கியது.