புது பேட்டரி வாங்கும் முன் மீட்டரை எடுங்கள்: கேம்பர் வேன் கரண்ட் கோளாறுகள்

போன ஆடியில் ஒரு சாயங்காலம் முட்டத்திலிருந்து போன் வந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்த கணவன் மனைவி. பழைய டெம்போ டிராவலரில் படுக்கை, அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்து வீடாக மாற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள். பகலெல்லாம் ஃபிரிட்ஜ் நன்றாக ஓடுகிறது, ராத்திரி எட்டு மணிக்கு மேல் நின்றுவிடுகிறது என்றார்கள். மூன்று மாதத்தில் இரண்டாவது பேட்டரி போட்டாயிற்று. நான் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, இன்னொரு பேட்டரி வாங்கணுமாங்க?"

தக்கலையில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். லாரி, ஸ்கூல் பஸ் வேலைதான் அதிகம். ஆனால் ஐயப்ப சீசன் தொடங்கியதும் கன்னியாகுமரிக்கு வருகிற வீட்டு வேன்கள் சில வருடங்களாகக் கூடியிருக்கின்றன. களியக்காவிளை தாண்டி கேரளாவிலிருந்து வருபவை வேறு. அவற்றில் முக்கால்வாசிப் பேர் என்னிடம் வரும்போதே "பேட்டரி போச்சு" என்று முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். பல நேரம் பேட்டரி நன்றாக இருக்கும். பத்து பதினைந்தாயிரம் ரூபாயை வீணாகச் செலவழித்த பிறகு அதைச் சொல்ல வேண்டியிருப்பது எனக்கு நிஜமாகவே வருத்தம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முட்டத்துக்கு வருகிறேன். மல்டிமீட்டரை பேட்டரி டெர்மினலில் வைத்தேன். 12.6 வோல்ட். நல்ல பேட்டரி. ஃபிரிட்ஜைப் போடச் சொன்னேன். கம்ப்ரசர் ஓடத் தொடங்கியது, பேட்டரியில் 12.5. இதுவும் சரி. இப்போது மீட்டரைத் தூக்கிக்கொண்டு ஃபிரிட்ஜ் பிளக்குக்குப் போனேன். அங்கே 11.2. அரை நிமிடத்தில் ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. பேட்டரியைக் காப்பாற்ற, வோல்ட் குறைந்தால் தானே நின்றுகொள்ளும்படிதான் அந்த ஃபிரிட்ஜைச் செய்திருக்கிறார்கள்.

பேட்டரியில் இருக்கிற 1.3 வோல்ட் வழியில் எங்கேயோ தொலைகிறது. எங்கே என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. லோடு, அதாவது ஃபிரிட்ஜ், ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும், மறு முனையை ஃபிரிட்ஜ் பிளக்கின் பாசிட்டிவிலும் வைத்தேன். 0.3 காட்டியது. வயர் கொஞ்சம் மெல்லிசு, தூரமும் ஏழு மீட்டர் இருக்கும். அது எதிர்பார்த்ததுதான். அதேபோல் நெகட்டிவ் பக்கம் வைத்தேன். 1.0 வோல்ட். கோளாறு எர்த்தில், அதாவது வேன் பாடி வழியாக நெகட்டிவ் திரும்புகிற இணைப்பில்.

சீட்டுக்கு அடியில் எர்த் வயரின் லக்கை (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்), வேன் பாடியில் பெயிண்டின் மேலேயே ஒரு சாதாரண ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தார்கள். அதைக் கழற்றினால் லக்கைச் சுற்றிப் பச்சைக் களிம்பு, ஸ்க்ரூவில் துரு. வயரின் முனையைச் சீவிப் பார்த்தேன். உள்ளே ஒரு விரல் நீளத்துக்குச் செம்பு கறுத்துப் போயிருந்தது. அந்தத் துண்டை வெட்டிவிட்டு, புது லக் கிரிம்ப் செய்து, பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்துத் தகரம் பளபளக்கிற வரை எடுத்து, போல்ட் நட்டு வாஷர் போட்டு முடுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். ஃபிரிட்ஜ் பிளக்கில் 12.1. ராத்திரி முழுக்க ஓடியது என்று காலையில் மெசேஜ் போட்டார்கள்.

பகலில் ஏன் ஓடியது? பகலில் சோலார் சார்ஜ் ஏறும்போது பேட்டரியில் 13.6 இருக்கும். அதில் 1.3 போனாலும் ஃபிரிட்ஜுக்கு 12.3 கிடைத்துவிடுகிறது. வெயில் இறங்கியதும் பேட்டரி தன் சொந்த வோல்ட்டுக்கு வருகிறது, இழப்பு மட்டும் அப்படியே நிற்கிறது. பார்க்கிறவர்களுக்கு பேட்டரி தாங்கவில்லை என்றுதான் தோன்றும். இரண்டு முறை பேட்டரி மாற்றியவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்தார்கள். அவர்கள் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். மாற்றிக் கொடுத்தவர் ஒருமுறையாவது லோடு போட்டு அளந்திருக்க வேண்டும்.

நம் மாவட்டத்தில் இந்தக் கோளாறு அதிகம். குளச்சல், தேங்காப்பட்டணம், சின்னமுட்டம் என்று கடலோரம் நிறுத்தினால், ஆடிக் காற்றில் உப்புச் சாரல் வேனின் அடிவயிறு வரைக்கும் போகும். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு, ஈரம் காயவே நேரம் கிடைக்காது. கடற்கரையில் ஒரு வாரம் தங்கினால் கிளம்பும் முன் டெர்மினலையும் எர்த் போல்ட்டையும் ஒரு தடவை கையால் அசைத்துப் பாருங்கள். ஃபிரிட்ஜை ஓட விட்டு லக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அந்த மூட்டில் பிரச்சினை.

சரி, நிஜமாகவே பேட்டரிதான் போயிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? சார்ஜையும் லோடையும் நிறுத்தி இரண்டு மூன்று மணி நேரம் சும்மா விட்டுவிட்டு அளக்க வேண்டும். சார்ஜரைக் கழற்றிய உடனே அளந்தால் எல்லா பேட்டரியும் நல்ல பேட்டரியாகத்தான் தெரியும். லெட் ஆசிட் என்றால் 12.7 அளவில் இருந்தால் நிறைய சார்ஜ், 12.2 வந்தால் பாதி, 11.8-க்குப் போனால் கிட்டத்தட்டக் காலி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் போய்விடும். 100 ஏஎச் (ஆம்பியர் ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி என்றால் 50-தான் உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுசாக சார்ஜ் ஏற்றி 5 ஆம்பியர் லோடு போட்டால், நல்ல பேட்டரி பத்து மணி நேரம் கழித்தும் 12-ஐ ஒட்டி நிற்க வேண்டும். மூன்று மணி நேரத்திலேயே 11.5-க்கு விழுந்தால் அது முடிந்தது. மூடி திறக்கிற பேட்டரி என்றால் ஆசிடின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இன்னும் தெளிவாகச் சொல்லும். ஐந்து செல் 1250-லும் ஒரு செல் மட்டும் 1150-லும் நின்றால் அந்த ஒரு செல் செத்துவிட்டது.

காலியான நிலையில் வாரக்கணக்கில் நிறுத்திப் போடுவதுதான் லெட் ஆசிடை மிக வேகமாகக் கொல்கிறது. தட்டுகளில் சல்ஃபேட் கெட்டியாகப் படிந்துவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு வராது. பயணம் முடிந்து ஷெட்டில் விடும் முன் முழு சார்ஜ் ஏற்றி மெயின் சுவிட்சை அணையுங்கள். இன்வெர்ட்டரைப் பலர் அணைப்பதில்லை. ஒன்றும் ஓட்டாமலே சும்மா நிற்கிற இன்வெர்ட்டர் 1 ஆம்பியர் வரை இழுக்கும். ஒரு நாளைக்கு 24 ஏஎச். இரண்டு நாளில் உங்கள் பாதி பேட்டரி போயாயிற்று.

எது இழுக்கிறது என்று தெரியாவிட்டால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நெகட்டிவ் வயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் குழியில் போட்டு, டெர்மினலுக்கும் வயருக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது, மீட்டர் போய்விடும். பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது ஆம்பியர் விழுகிறதோ அந்த லைனில் ஆள் இருக்கிறார். முடித்ததும் சிவப்பு முனையை வோல்ட் குழிக்கு மறக்காமல் மாற்றுங்கள். ஆம்பியர் குழியிலேயே விட்டுவிட்டு அடுத்து வோல்ட் பார்க்கப் போனால் பேட்டரியை நேராக ஷார்ட் செய்ததாகிவிடும்.

சார்ஜ் ஏறவில்லை என்று வருகிறவர்களிடம் இன்ஜினை ஓட்டச் சொல்லி, வண்டியை ஸ்டார்ட் செய்யும் இன்ஜின் பேட்டரி, ஃபிரிட்ஜும் லைட்டும் ஓட்டும் வீட்டு பேட்டரி என்று இரண்டையும் அளப்பேன். இன்ஜின் பேட்டரியில் 14.2, வீட்டு பேட்டரியில் 12.4 என்றால் டைனமோ சரி. நடுவில் இரண்டையும் சேர்த்துப் பிரிக்கிற ரிலே என்ற சுவிட்சோ ஃபியூஸோ போயிருக்கிறது. இதற்கு நேர்மாறாக, ரிலே ஒட்டிக்கொண்டு விடாமல் நின்றுவிடுவதும் உண்டு. அப்போது ராத்திரி ஃபேனும் லைட்டும் இன்ஜின் பேட்டரியையும் சேர்த்துக் குடித்துவிடும். பேச்சிப்பாறைப் பக்கம் காலையில் செல்ஃப் எடுக்காமல் நின்ற ஒரு வேனில் இதுதான் கதை. இன்ஜினை அணைத்து, ராத்திரி லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு பேட்டரியும் ஒரே வோல்ட்டில் சேர்ந்து இறங்கினால் ரிலேயைச் சந்தேகப்படுங்கள். 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ் 6 (புதிய புகை விதிப்படி செய்த) வண்டிகளில் பலவற்றில் டைனமோவின் வோல்ட்டைக் கம்ப்யூட்டர் ஏற்றி இறக்கும். அந்த வண்டிகளுக்கு வெறும் ரிலே போதாது, வருகிற வோல்ட் ஏறி இறங்கினாலும் பேட்டரிக்கு வேண்டிய வோல்ட்டைக் கொடுக்கிற டிசி டு டிசி சார்ஜர் வைத்தால்தான் இரண்டாவது பேட்டரி நிறையும்.

சோலார் பற்றி ஒன்றே ஒன்று. நம் ஊரில் எங்கே நிறுத்தினாலும் தென்னை இருக்கும். பேனலில் ஒரே ஒரு ஓலை நிழல் விழுந்தாலும் பாதி உற்பத்தி போய்விடலாம், ஏனென்றால் உள்ளே செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். கன்ட்ரோலரைக் குறை சொல்லும் முன் மேலே ஏறிப் பாருங்கள்.

லித்தியம் வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன வோல்ட் கணக்கை மறந்துவிடுங்கள். எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி நிறையும்போதும் முக்கால் காலியாகும்போதும் 13-ஐ ஒட்டியே நிற்கும், அதனால் ஷன்ட் (போய்வருகிற ஆம்பியரை அளக்கும் துண்டு) வைத்த மானிட்டர் இல்லாமல் மிச்சம் தெரியாது. திடீரென்று பூஜ்யம் காட்டினால் பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கிற பிஎம்எஸ் என்ற பாதுகாப்பு சர்க்யூட் காப்புக்காகத் தொடர்பை அறுத்திருக்கும், சரியான லித்தியம் சார்ஜரை மாட்டினால் பெரும்பாலும் எழுந்துவிடும். கன்னியாகுமரியில் தொடங்கிக் காஷ்மீர் வரை போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இந்த பேட்டரியில் சார்ஜ் ஏற்றக் கூடாது. நல்ல பிஎம்எஸ் தானே தடுத்துவிடும். அங்கே சார்ஜ் ஏறவில்லை என்றால் அது கோளாறு இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் பணம் சம்பந்தப்பட்டது. இனி உயிர். என்னிடம் வருகிற வேன்களில் நான் முதலில் தேடுவது பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்கிறதா என்று. பாதி வண்டிகளில் இருக்காது, அல்லது இரண்டு மீட்டர் தள்ளி இன்வெர்ட்டர் பக்கம் இருக்கும். அந்த இரண்டு மீட்டருக்குக் காவல் யார்? 100 ஏஎச் பேட்டரி ஷார்ட்டானால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் கொட்டும். ஒரு வேனில் கட்டை விரல் தடிமன் வயரைத் தகரத்தின் ஓட்டை வழியாக ரப்பர் வளையம் இல்லாமல் இழுத்திருந்தார்கள். வண்டி ஆட ஆட இன்சுலேஷன் அறுந்து செம்பு தெரிந்தது. பக்கத்திலிருந்த ஸ்பாஞ்ச் மெத்தையின் ஓரம் கருகியிருந்தது. அதில் இரண்டு குழந்தைகள் தூங்குவார்கள். அன்றைக்கு அந்த வண்டியை ஃபியூஸ் போடாமல் வெளியே விட முடியாது என்று சொல்லி, இரண்டு மணி நேரம் உட்கார வைத்துச் செய்து கொடுத்தேன். 1000 வாட் இன்வெர்ட்டர் முழு லோடில் பேட்டரியிலிருந்து 100 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அதைத் தாங்குகிற வயர், அந்த வயரைக் காக்கிற அளவில் ஃபியூஸ். ஃபியூஸ் போகிறதே என்று பெரியதை மாற்றாதீர்கள், ஏன் போகிறது என்று பாருங்கள்.

அப்புறம், வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற டியூபுலர் பேட்டரியைக் கட்டிலுக்கு அடியில் வைக்கிற பழக்கம். விலை குறைவு, பழகிய பொருள் என்பது புரிகிறது. ஆனால் சார்ஜ் ஏறும்போது அது ஹைட்ரஜன் விடும். மூடிய வேனில், தூங்குகிற தலைக்கு அரை அடி கீழே, அருகிலேயே கேஸ் அடுப்பு. அதை வைத்தே ஆக வேண்டுமென்றால் தனிப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் மேல்பக்கத்திலிருந்து வண்டிக்கு வெளியே ஒரு குழாய் விடுங்கள். ராத்திரி அழுகிய முட்டை வாசனை வந்தால் பேட்டரி அதிக சார்ஜில் கொதிக்கிறது, அந்த வாயு விஷம். லைட் போடாதீர்கள், தீக்குச்சி உரசாதீர்கள், எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். கதவைத் திறந்து எல்லோரும் இறங்குங்கள். கரண்ட் வெளியே ஒரு வீட்டிலிருந்து வந்தால் அந்த முனையில் அணையுங்கள். வாசனை போய், பேட்டரியின் சூடு தணிந்த பிறகுதான் டெர்மினல் பக்கம் கை போக வேண்டும்.