இன்ஷோர் என்றால் கழி

ஃப்ளோரிடாவின் டாம்பாவில் இருக்கும் சித்தப்பா மகன் ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் போன் செய்தான். "அண்ணா, இன்னைக்கு இன்ஷோர் ஃபிஷிங் போயிட்டு வந்தோம். அடுத்த வாரம் நியர்ஷோர்" என்றான். கரையில் நின்று தூண்டில் போட்டிருப்பான் என்று நினைத்து, "வெயில்ல எப்படிடா கரையில நின்னே?" என்று கேட்டேன். "கரையில நிக்கவே இல்லண்ணா. காலைல அஞ்சரைக்குப் படகு ஏறினோம், பத்து மணி வரைக்கும் படகுலதான்" என்றான். அப்படியானால் நியர்ஷோர்? "அதுவும் படகுதான். ஆனா பீச்சைத் தாண்டி வெளியே."

இரண்டும் படகில். இரண்டும் கரைக்குப் பக்கத்தில். அப்புறம் எதற்கு இரண்டு சொல்? மொழிபெயர்ப்புகளைப் பார்த்தால் இன்னும் குழப்பம். இன்ஷோருக்கும் ‘கரையோர மீன்பிடிப்பு’, நியர்ஷோருக்கும் ‘கரையோர மீன்பிடிப்பு’, போதாததற்குக் கோஸ்டலுக்கும் அதுவே. மூன்று வேறு இடங்களை ஒரே சொல்லால் மூடிவிட்டால் படிக்கிறவருக்கு ஒன்றும் விளங்காது.

முதலில் சொல்லின் உடம்பைப் பார்ப்போம். ‘ஷோர்’ என்றால் கரை. ஆங்கிலத்தில் ‘வெட்டு’ என்ற பொருள் தரும் ‘ஷியர்’ என்ற சொல்லோடு இதைச் சேர்த்துப் பார்ப்பார்கள். நிலத்தையும் நீரையும் வெட்டிப் பிரிக்கிற இடம் என்ற கருத்து. நம் ‘கரை’யும் விளிம்பைக் குறிக்கும் சொல்தான், வேட்டிக்குக் கரை உண்டு, குளத்துக்கும் கரை உண்டு. அதோடு ‘இன்’ சேர்ந்தால் உள்பக்கம், ‘நியர்’ சேர்ந்தால் பக்கம், ‘ஆஃப்’ சேர்ந்தால் விலகி. ஆங்கிலத்தில் மூன்றுமே கரையை வைத்துப் பிறந்த பெயர்கள். தண்ணீர் எப்படிப்பட்டது என்று அந்தப் பெயர்கள் சொல்வதில்லை.

ஆனால் டாம்பாவிலோ சார்லட் துறைமுகப் பகுதியிலோ படகு ஓட்டும் வழிகாட்டிகள் இன்ஷோர் என்று சொல்லும்போது அவர்கள் மனதில் இருப்பது தூரம் அல்ல, ஒரு வகை நீர்நிலை. கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே தடுப்புத் தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. தீவுகளுக்கு உள்பக்கம் விரிகுடா, அலையாத்திக் காடு, கடற்புல் மேடு, சிப்பித் திட்டு, ஓடைகள். ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் இடம். ஆழம் பல இடங்களில் ஆள் மட்டம்கூட இருக்காது. பெரிய அலை கிடையாது. நீர் ஏறுவதும் வற்றுவதும்தான் அங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இதுதான் இன்ஷோர்.

இதற்குத் தமிழில் சொல் தேட வேண்டியதே இல்லை. கழி. உப்பங்கழி என்றும் சொல்கிறோம். பிச்சாவரத்தில், வெள்ளாற்று முகத்துக்கும் கொள்ளிட முகத்துக்கும் நடுவே, சுரபுன்னை வேர்களுக்கு ஊடாகப் படகு போகும் அந்தத் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். முட்டுக்காட்டுப் பாலத்துக்குக் கீழே கிடக்கிற தண்ணீரையும் நினைத்துக்கொள்ளலாம். ஃப்ளோரிடாக்காரர் அதைப் பார்த்தால் யோசிக்காமல் இன்ஷோர் என்பார்.

சொல்லும் புதிதல்ல. அகநானூற்றின் 140ஆம் பாட்டில் அம்மூவனார் உமணர் மகளை, அதாவது உப்பு வணிகர் வீட்டுப் பெண்ணை, பாட வருகிறார். பாட்டு இப்படித் தொடங்குகிறது: "பெருங்கடல் வேட்டத்துச் சிறுகுடிப் பரதவர் இருங்கழிச் செறுவின் உழாஅது செய்த வெண்கல் உப்பின் கொள்ளை சாற்றி". பரதவர் மீன் வேட்டைக்குப் போவது பெருங்கடலுக்கு. உழாமலே உப்பு விளைவது இருங்கழியில். இரண்டே அடிக்குள் கடல் வேறு, கழி வேறு என்று நிற்கிறது. நெய்தல் பாட்டுகள் பலவற்றில் இந்தப் பிரிவு இருக்கிறது. தலைவன் தேர் கழியைக் கடந்து வரும், கழியில் நெய்தல் பூக்கும், கடலில் திமில் என்னும் மீன்படகு போகும். ‘கரையோரம்’ என்று இரண்டையும் ஒன்றாக்குவது பிற்காலத்து அலுவலக மொழி. எனக்கு அது இழப்பாகவே படுகிறது.

இந்த எல்லை மீனுக்கும் தெரிந்த எல்லை. தம்பி அன்று பிடித்தது அங்கே ‘ரெட் டிரம்’ எனப்படும் மீன். நம் கத்தளைகளின் குடும்பம். காற்றுப்பையை ஒட்டிய தசைகளை அதிரவைத்து மத்தளம் தட்டுவதுபோல ஒலி எழுப்பும், அதனால்தான் டிரம். இது குஞ்சாக இருக்கும்போது கழிக்குள் வந்து சேரும். முதல் மூன்று நான்கு ஆண்டுகள் கடற்புல்லிலும் சிப்பித் திட்டுகளிலும் இறாலும் நண்டும் தின்று வளரும். முதிர்ந்ததும் முகத்துவாரத்தைத் தாண்டி வெளிக்கடலில் பெரிய மீன்களின் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். அதாவது கழி அதற்குப் பிள்ளைப் பருவம், கடல் அதற்குக் குடும்ப வாழ்க்கை. அங்கே ‘ஸ்னூக்’ என்ற மீன் கோடையில் முகத்துவாரங்களில் கூடி முட்டையிடும். நம் கொடுவாவும் முட்டையிட முகத்துவாரத்துக்குத்தான் இறங்கி வரும். வகைப்படுத்தலில் ஒரு காலத்தில் இரண்டையும் ஒரே குடும்பத்தில் வைத்திருந்தார்கள்.

தம்பி ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ஒரு நிமிடம்கூட இருக்காது. இன்னும் முழுதாக விடியவில்லை. தண்ணீர் தேயிலைச் சாய நிறம். இறால் வடிவத்தில் ஒரு ரப்பர் இரை, அதன் தலையில் ஈயக்குண்டு. வீசுகிறான். அலையாத்தி வேரிலிருந்து ஒரு கை தூரத்தில் விழுகிறது. நரம்பு தளர்ந்து தண்ணீர்மேல் கிடக்கிறது. கோலின் நுனியை ஒரு சாண் உயர்த்தி இறக்குகிறான், மறுபடி ஒரு சாண். நிறுத்துகிறான். எதுவும் நடக்கவில்லை. பிறகு அந்தத் தளர்ந்த நரம்பு, யாரோ பக்கவாட்டில் இழுப்பதுபோல, சத்தமில்லாமல் நகர்கிறது. கோல் வளைகிறது. கடைசியில் செம்பு நிற உடம்பும் வாலடியில் கண்போல ஒரு கரும்புள்ளியுமாக மீன் படகோரம் வருகிறது. அளக்கிறார்கள். 29 அங்குலம். தண்ணீரில் விட்டுவிடுகிறார்கள்.

ஏன் விட்டார்கள் என்றால், ஃப்ளோரிடாவில் அந்த மீனை வைத்துக்கொள்ள 18 முதல் 27 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு ‘ஸ்லாட்’ என்று பெயர். சிறியது இன்னும் இனம் பெருக்கவில்லை. பெரியது இனம் பெருக்கும் தாய்மீன். இரண்டையும் விட்டு நடுவில் உள்ளதை எடுக்கலாம். தமிழில் ‘குறைந்த அளவு’ என்று மட்டும் எழுதினால் மேல் வரம்பு காணாமல் போய்விடும். ‘அளவு வரம்பு’ சரியாக இருக்கும்.

அந்த வீடியோவில் கோல் நுனியைச் சுண்டிக்கொண்டிருந்தானே, அந்தச் செயலில்தான் நம் ‘தூண்டில்’ இருக்கிறது. தூண்டு என்ற வினையிலிருந்து வந்த பெயர். விளக்குத் திரியைத் தூண்டுகிறோம், ஆளைத் தூண்டிவிடுகிறோம், மீனையும் தூண்டுகிறோம். ஆங்கிலத்தில் ‘ஆங்கிலிங்’ என்பதன் அடியில் இருப்பது பழைய ஆங்கிலத்தில் கொக்கியைக் குறித்த சொல். அதன் மூலம் ‘வளைவு’ என்ற பொருளுடைய வேர். அதே வேரிலிருந்து சமஸ்கிருதம் வழியாக நம்மிடம் வந்த சொல் ஒன்று உண்டு: அங்குசம். யானையைத் தூண்டுகிற வளைந்த இரும்பு. ஆங்கிலம் கருவியின் வடிவத்தைப் பார்த்துப் பெயர் வைத்தது, தமிழ் அது செய்யும் வேலையைப் பார்த்து வைத்தது. யானைப்பாகன் கையில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இதை முதலில் கவனித்த நாளில் வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை.

கருவியின் உறுப்புகளுக்கும் பெயர் தேடி அலைய வேண்டாம். பெரும்பாணாற்றுப்படையில் ஒரு காட்சி. மீன் பிடிப்பதில் வல்ல பாண்மகன் தோல்பையில் பச்சை இறைச்சி போட்டு வைத்திருக்கிறான். "நெடுங்கழைத் தூண்டில் நடுங்க நாண்கொளீஇ" என்கிறது பாட்டு. கழை என்றால் மூங்கில் கோல், நாண் என்றால் கயிறு. முள்ளுக்குப் பெயர் ‘கொடுவாய் இரும்பு’, வளைந்த வாயுடைய இரும்பு. அதில் பொதிந்த இரைக்குப் ‘பொதியிரை’. வாளைமீன் இரையை மட்டும் கவ்விக்கொண்டு தப்பிவிடுகிறது. வெறும் முள் தனியே தொங்குகிறது. அந்த வாளை பிறகு கரையோரத்துப் பிரம்பின் நிழல் தண்ணீரில் ஆடுவதைக் கண்டாலும் தூண்டில்கோல் என்று அஞ்சுகிறது. இது நன்னீர்க் குளத்தில் நடப்பது, கடலில் அல்ல. ஆனால் கோல், நாண், முள், இரை, தப்பிய மீனின் பயம் எல்லாம் இருக்கின்றன. குறளில் வரும் ‘தூண்டிற்பொன்’ என்பதும் இந்த முள்தான். பொன் என்றது அங்கே இரும்பை. இன்று கடைகளில் கோல், நரம்பு, முள், தக்கை, ஈயம் என்றே கேட்கிறார்கள். அவை போதும். ‘ரீல்’ ரீலாகவே இருக்கட்டும்.

சரி, நியர்ஷோருக்கு வருவோம். தடுப்புத் தீவைத் தாண்டினால் திறந்த மெக்சிகோ வளைகுடா. கரை கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும் அல்லது இப்போதுதான் மறைந்திருக்கும். இது சட்டம் வகுத்த சொல் அல்ல, பேச்சு வழக்கு. ஆனால் ஃப்ளோரிடா மாநிலத்தின் நீர் எல்லை வளைகுடாப் பக்கம் 9 கடல் மைல், அட்லாண்டிக் பக்கம் 3 கடல் மைல். வளைகுடாப் பக்கம் நியர்ஷோர் என்று பேசுகிறவர்கள் ஏறக்குறைய இந்த 9 கடல் மைலுக்கு உள்ளேதான் பேசுகிறார்கள். கிட்டத்தட்ட 16.7 கிலோமீட்டர். அங்கே கடலடி மெதுவாகச் சரிவதால் அவ்வளவு தூரம் போயும் ஆழம் அதிகமாகிவிடாது. வஞ்சிரத்தின் இனமான ஸ்பானிய மேக்கரெலும் கிங் மேக்கரெலும் இங்கே கிடைக்கும். கடல்விராலும் கிடைக்கும். அது நமக்குத் தெரிந்த அதே மீன், அங்கே ‘கோபியா’.

இதற்குக் ‘கரைக்கடல்’ என்பதே பொருத்தம். அலுவலக மொழியில் ‘அண்மைக்கடல்’ என்று எழுதினாலும் தவறில்லை. ஆனால் கரைக்கடல் என்று சொன்னால் கடற்கரை ஊரில் விளக்கம் தேவைப்படாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை வரும்போது, நாட்டுப்படகுகளும் ஃபைபர் படகுகளும் வலையும் தூண்டிலுமாகப் போவது இந்தக் கரைக்கடலுக்குத்தான். கோடையில் நாம் வாங்கும் மீனில் பெரும்பங்கு அங்கிருந்து வருகிறது. அதற்கும் அப்பால் ஆஃப்ஷோர், அது ஆழ்கடல். அதில் குழப்பம் இல்லை.

ஒரு கண்ணி மட்டும் இருக்கிறது. நம் நாட்டு மீன்வள ஆய்வுக் கட்டுரைகளில் ‘இன்ஷோர்’ என்று வந்தால் அதைக் கழி என்று மாற்றிவிடக் கூடாது. அங்கே பொதுவாக 50 மீட்டர் ஆழம் வரையுள்ள கடலைத்தான் அப்படிக் குறிக்கிறார்கள். அமெரிக்கத் தூண்டில்காரர் அதே தண்ணீரை நியர்ஷோர் என்பார், சில இடங்களில் ஆஃப்ஷோர் என்றும் சொல்வார். எனவே மொழிபெயர்க்கும் முன் யார் பேசுகிறார், எந்தக் கரையில் நின்று பேசுகிறார் என்று பார்த்தே ஆக வேண்டும்.

கடைசியாக ‘ஸ்போர்ட்’. இது பழைய பிரெஞ்சில் ‘தெஸ்போர்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. வேலையிலிருந்து மனதை வேறு பக்கம் கொண்டுபோவது என்பது கருத்து. பந்தயம், வெற்றி தோல்வி எல்லாம் பிறகு சேர்ந்தவை. 1885இல் நியூயார்க்கைச் சேர்ந்த டபிள்யூ. ஹெச். வுட் ஃப்ளோரிடாவின் சானிபெல் தீவருகே கோலும் ரீலும் கொண்டு டார்பன் என்ற பெரிய மீனைப் பிடித்த செய்தி பரவிய பிறகே அந்தக் கரைக்கு ஊர் ஊராகத் தூண்டில்காரர்கள் வரத் தொடங்கினார்கள். இன்று அந்த மீனைப் பிடித்தால் விட்டுவிட வேண்டும் என்பது அங்கே விதி. ஆகவே ‘ஸ்போர்ட் ஃபிஷிங்’ என்பதை ‘விளையாட்டு மீன்பிடிப்பு’ என்று எழுத எனக்குக் கை வருவதில்லை. கடலுக்குப் போவதைத் ‘தொழிலுக்குப் போறோம்’ என்று சொல்கிற மக்கள் இருக்கிற மொழி இது. அவர்கள் பக்கத்தில் நின்று விளையாட்டு என்று சொல்வது நெருடுகிறது. தொழிலிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் ‘பொழுதுபோக்குத் தூண்டில்’ என்று எழுதலாம். மற்ற இடங்களில் கழித்தூண்டில், கரைக்கடல் தூண்டில் என்றாலே போதும்.

அடுத்த ஞாயிறு தம்பி மறுபடி போன் செய்தான். காற்று அதிகமாம், படகு வெளியே போகவில்லையாம். "கரைக்கடல் கேன்சல்ணா, கழிக்கே போயிட்டோம்" என்றான்.