டேங்க் கழுவுறாங்க, பைப்ப யாரு கழுவுறது?

பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டியில பாத்திருப்பீங்க, கடைசியா என்னிக்கு கழுவுனாங்கன்னு தேதி எழுதியிருக்கும். நல்ல விஷயம்தான். ஆனா அங்கருந்து தெருக்கோடி கொழா வரைக்கும் மண்ணுக்குள்ள போற பைப்ப பல ஊர்ல வருஷக்கணக்கா யாரும் தொடுறதே இல்ல, எனக்கு ரொம்ப கவலையா இருக்குறது அதுதான்.

டேங்க்ல ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் போடுறாங்கன்னு வச்சுக்குவோம். பவுடர் புதுசா இருந்தா அதுல மூணுல ஒரு பங்கு குளோரின், அப்போ லிட்டருக்கு சுமார் 1.3 மில்லிகிராம் வரும். அரை மணி நேரத்துல கிருமிய கொன்னது போக மிச்சம் நிக்கிற குளோரின்தான் வழியில தண்ணிக்கு காவல், அது கடைசி கொழாயில லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கணும்னு குடிதண்ணிக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 சொல்லுது. ஆனா பைப்புக்குள்ள படிஞ்ச துரு, வண்டல், சுவத்துல கொழகொழன்னு ஒட்டியிருக்குற பாக்டீரியா படலம் இதெல்லாம் போற வழியிலயே குளோரின தின்னுடும், முட்டுச்சந்து லைன்ல தண்ணி நின்னு நின்னு போறதால அங்க இன்னும் மோசம்.

இதுக்குத்தான் வருஷத்துக்கு ஒரு தடவையாவது லைன ஃபிளஷ் பண்ணணும். சும்மா தொறந்து விட்டா பத்தாது, வேகம் வேணும். லேசான வண்டல் கிளம்பவே செகண்டுக்கு முக்கால் மீட்டர் வேகமாவது வேணும், ஒட்டுன படலம் உரியணும்னா ஒன்றரை மீட்டர். அதனால பக்கத்து தெரு வால்வெல்லாம் மூடி, டேங்க் பக்கத்துலருந்து ஆரம்பிச்சு ஒரே திசையில தள்ளிக்கிட்டே போயி, பள்ளத்துல இருக்குற ஸ்கவர் வால்வு (வண்டல வெளியேத்துறதுக்குன்னு வச்ச வால்வு) வழியா தெளிவா வர்ற வரைக்கும் வெளிய விடணும்.

வால்வும் அப்படித்தான், தொடாமலே விட்டா துருப்பிடிச்சு இறுகிடும், அப்புறம் ஒரு தெருவுல பைப் ஒடைஞ்சா ஊருக்கே தண்ணிய நிறுத்தணும். வருஷா வருஷம் மெதுவா முழுசா மூடித் தொறக்கணும் (வேகமா மூடுனா தண்ணி அடிக்கிற அடியில பைப்பே வெடிக்கலாம்), எத்தன சுத்துல மூடுதுன்னு எழுதி வச்சுக்கணும், அடுத்த தடவ சுத்து கொறஞ்சா அடியில ஏதோ அடைச்சிருக்கு.

ஏர் வால்வ மட்டும் மறந்துடாதீங்க. நம்ம ஊர்ல தண்ணி நாள் முழுக்க வராது, சப்ளை நின்னதும் மேட்டுல பைப் காலியாகி உள்ள உறிஞ்சும், அப்போ ஏர் வால்வு காத்த உள்ள விடும். அந்த வால்வ வச்சிருக்குற குழிக்குள்ள சாக்கடைத் தண்ணி தேங்கியிருந்தா காத்துக்குப் பதிலா அதுதான் உள்ள போகும், அடுத்த நாள் முதல் கொடத்துல அதுதான் வரும்.

எல்லாம் முடிஞ்சதும் குளோரோஸ்கோப்ல (மருந்து விட்டா, குளோரின் இருக்குற தண்ணி மஞ்சளாகுற சின்ன டெஸ்ட் கருவி) டேங்க் தண்ணியையும் கடைசி கொழா தண்ணியையும் பாருங்க. பைப்ப கழுவுன பிறகும் டேங்க்ல மஞ்சள் வந்து கடைசியில வரலன்னா எங்கயோ வெளியிலருந்து அழுக்கு உள்ள வருதுன்னு சந்தேகப்படணும், சாக்கடைய ஒட்டிப் போற ஜாயிண்ட்டுலருந்து தோண்ட ஆரம்பிக்கலாம்.