சந்தாதாரர் அல்ல, தற்பதிவுக் கேட்பான்

காரைக்குடிப் பக்கம் நிரல் எழுதப் பழகும் பிள்ளைகளின் குறிப்பேடுகளில் 'நிகழ்வு சந்தாதாரர்' மறுபடி மறுபடி தலைகாட்டுகிறார். ஈவன்ட் சப்ஸ்கிரைபராம், அதாவது நிரல் ஓடுகையில் ஒன்று நிகழ்ந்தால் சேதி கேட்டு வேலை செய்யும் நிரல்துண்டு. மாதாமாதம் யாருக்கு என்ன கட்டுகிறார்?

சப்ஸ்கிரைப் லத்தீன் வழிச் சொல். அடியில் எழுதுதல், அதாவது ஒப்பமிடுதல். செட்டிநாட்டுக் கல்யாணத்தில் இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்தம் எழுதி ஒப்பமிடுகிறார்களே, ஏறத்தாழ அது. காசு பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட பொருள். பாரசீகச் சந்தாவுக்கோ காசுதான் பொருளே. வேற்றுமொழி என்பதற்காக விரட்டவில்லை. 'வசூல்' இல்லாமல் எந்தக் கடை நடக்கிறது? வேலையைத் தப்பாகச் சொல்கிறது, அதுதான் குற்றம்.

சிம்ஃபொனி கன்சோலைப் பாருங்கள். சிம்ஃபொனி பிஎச்பி மொழியில் நிரல் எழுத உதவும் சட்டகம், கன்சோல் அதில் கட்டளைகளைத் தட்டச்சிட்டு இயக்கும் பகுதி. கட்டளைக்குள் எழுந்த பிழையை யாரும் பிடிக்காவிட்டால் 'கன்சோல் எரர்' நிகழ்வு கிளம்பும். 2017இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து இப்படி. அதற்குக் காதுகொடுப்பவை இருவகை. லிசனர் எதைக் கேட்க வேண்டும் என்பதைப் பொதுவாக வெளியே உள்ள அமைப்புக் கோப்பு சொல்லும். சப்ஸ்கிரைபரோ தனக்கு வேண்டிய நிகழ்வுகளின் பட்டியலைத் தன் வகுப்புக்குள்ளேயே வைத்திருக்கும். தானே பதிந்துகொள்கிறது, உயிர் அங்கேதான். ஆகவே முன்னது கேட்பான், பின்னது தற்பதிவுக் கேட்பான். 'செவிமடுப்பாளர்' என்று இரண்டுக்கும் ஒரே சட்டை மாட்டுவோரும் உண்டு, வேறுபாடே போய்விடுகிறது. நகரத்தார் கோயில் கணக்கில் பெயர் பதிந்தவரைப் போலப் 'புள்ளி' என்றே சொல்ல ஆசைதான். ஆனால் புள்ளி வரி உண்டே, மறுபடியும் காசு!

சந்தாதாரர் என்று மொழிபெயர்த்த இதே கைகள்தான், கட்டளை முடிகையில் திருப்பித் தரும் எண்ணான எக்ஸிட் கோடை 'வெளியேற்றக் குறியீடு' ஆக்கின. சாக்கடை நினைவுதான் வருகிறது. 'முடிவெண்' போதும்: 0 என்றால் வெற்றி, மற்றதெல்லாம் தோல்வி. இது வெறும் சொல் சண்டை இல்லை. கேட்பானுக்குள் முடிவெண்ணை 0 என்று வைத்தால் சிம்ஃபொனி அந்தப் பிழையையே விட்டுவிடும். திரையில் ஒன்றும் வராது, குறித்த நேரத்தில் தானே இரவில் ஓடும் கிரான் வேலை நல்லபடி முடிந்ததாகவே கணக்காகும். பதிவேட்டில் எழுதுவது மட்டும் நோக்கமென்றால் முடிவெண்ணைத் தொடக் கூடாது.

இன்னொன்று. கட்டளைப் பெயரையே தப்பாக அடித்தாலும் இந்நிகழ்வு கிளம்பும். அப்போது கட்டளை என்று ஒன்று இல்லை. எந்தக் கட்டளை என்று நிகழ்விடம் கேட்கும் கெட்கமாண்ட் 'நல்', அதாவது ஒன்றுமில்லை என்று தரும். அதனிடம் போய்ப் பெயர் கேட்டால் கேட்பானே இடறி விழும், முதலில் வந்த பிழை அதற்கடியில் மறைந்துபோகும். 'சந்தாதாரர் பிழையைக் கையாளுகிறார்' என்று ஒரே வரியில் மொழிபெயர்த்துப் போகிறவர்கள் கட்டளை இருக்கிறதா என்று முதலில் பார்க்கும் சோதனையைச் சொல்வதேயில்லை.