செராமிக் கிளிப்பைக் கழற்றும் நாள்: பல்லில் பசை மிஞ்சுவது ஏன் நல்லது?

கிளிப் கழற்ற வருபவர்கள் நாற்காலியில் சாய்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "டாக்டர், வலிக்குமா?" என்பது. அடுத்தது, "எவ்வளவு நேரம் ஆகும்?" என்பது. உலோகக் கிளிப் போட்டவர்களுக்கு இரண்டுக்கும் ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடலாம். செராமிக் கிளிப் போட்டவர்களிடம் சற்று உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. இந்தப் பேச்சு சிகிச்சை தொடங்கும் நாளிலேயே நடந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் பிராக்கெட் (கம்பியைத் தாங்க ஒவ்வொரு பல்லிலும் ஒட்டும் சிறு துண்டு) பல்லின் நிறத்தில் இருக்கும், அலுவலகத்தில் யார் கண்ணுக்கும் உறுத்தாது, உலோகத்தைவிட இவ்வளவு ரூபாய் கூடுதல் என்பதோடு அன்றைய உரையாடல் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் கழித்து அதை எப்படிக் கழற்றுவார்கள் என்று யாரும் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை.

வேறுபாடு பொருளில் இருக்கிறது. இன்று புழக்கத்தில் உள்ள செராமிக் பிராக்கெட்டுகளில் பெரும்பாலானவை அலுமினியம் ஆக்சைடால் ஆனவை; மாணிக்கமும் நீலக்கல்லும் அடிப்படையில் எந்தப் பொருளோ அதே பொருள். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அது 9. நம் பல்லின் மேற்பூச்சான எனாமல் ஏறத்தாழ 5. மேல்பல் வந்து இடிக்கும் வாய்ப்புள்ளவர்களுக்குக் கீழ்ப்பற்களில் செராமிக் வேண்டாம், உலோகமே போதும் என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். கடிக்கும்போதெல்லாம் கல்லில் உரசிய கத்தியைப் போல மேல்பல் தேய்ந்துவிடும். இவ்வளவு கடினமான பொருளுக்கு வளையத் தெரியாது. துருப்பிடிக்காத எஃகு உடைவதற்கு முன் தன் நீளத்தில் சுமார் 20 விழுக்காடு வரை இழுபடும்; இந்தச் செராமிக் ஒரு விழுக்காடுகூட இழுபடாது. அதனால் உலோக பிராக்கெட்டைப் பிளையரால் நெருக்கினால் அதன் அடித்தட்டு வளைந்து, பசையிலிருந்து உரிந்து வந்துவிடுகிறது. செராமிக் பிராக்கெட் உரிவதில்லை. ஒன்று, அப்படியே நிற்கும், அல்லது எங்காவது உடையும்.

அந்த 'எங்காவது' எந்த இடம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பல், பசை, பிராக்கெட் என்று மூன்று அடுக்குகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிராக்கெட்டுக்கும் பசைக்கும் இடையில் பிடிப்பு விட்டால் பசை முழுவதும் பல்லில் தங்கும். பல்லுக்கு ஒன்றும் ஆகாது. பிராக்கெட்டே நடுவில் உடைந்தால் அதன் சில்லு பல்லில் ஒட்டியபடி நிற்கும். எரிச்சலூட்டும் வேலை, ஆனால் ஆபத்தில்லை. பசைக்கும் பல்லுக்கும் இடையில் விட்டால், பார்க்கச் சுத்தமாக இருந்தாலும், விசை முழுவதும் எனாமலின் மேல் இறங்கியிருக்கிறது என்று பொருள். ஏற்கெனவே கீறல் உள்ள பல்லாக இருந்தால் எனாமல் துணுக்கு பசையோடு சேர்ந்து வந்துவிடக்கூடும். 1980-களில் செராமிக் பிராக்கெட்டுகள் முதலில் வந்தபோது இதுதான் நடந்தது. அவற்றின் அடித்தட்டில் சைலேன் என்ற இணைப்பு வேதிப்பொருளைப் பூசி, பசையோடு வேதிப் பிணைப்பு உண்டாகும்படி செய்திருந்தார்கள். பிடிப்பு அபாரமாக இருந்தது, கழற்றும்போது எனாமல் பெயர்ந்தது. பிறகு தயாரிப்பாளர்கள் அடித்தட்டில் குழிகளும் மணிகளும் வைத்து, பசை அவற்றில் வெறுமனே கவ்விக்கொள்ளும் முறைக்கு மாறினார்கள். சில வகைகளில் நெருக்கினால் பிராக்கெட் இரண்டாக மடிந்து விடும்படி நடுவில் பள்ளம் வைத்தார்கள். எனவே பிராக்கெட்டைக் கழற்றியபின் பல்லில் வெள்ளையாகப் பசை அப்பிக்கொண்டிருப்பதைக் கண்ணாடியில் பார்த்து, "என்ன டாக்டர், பாதிதான் வந்திருக்கிறது?" என்று முகம் சுளிப்பவர்களிடம், "அது வராமல் இருந்ததே நல்லது" என்று சொல்வேன். 1984-இல் ஆர்துன், பெர்க்லண்ட் என்ற இருவர் வகுத்த 0 முதல் 3 வரையிலான குறியீடு ஒன்று எங்கள் துறையில் இன்றும் வழக்கத்தில் உள்ளது. 0 என்றால் பல்லில் பசையே இல்லை, 3 என்றால் பசை முழுவதும் இருக்கிறது, பிராக்கெட்டின் அடித்தடமும் அதில் பதிந்திருக்கிறது. எனக்குப் பிடித்த எண் 3.

கழற்றும் நாளுக்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியதுதான் உண்டு. சிறுவயதில் வண்டியிலிருந்து விழுந்து முன்பல்லின் முனை உடைந்து, அதைக் கட்டி வளர்த்திருக்கிறார்களா? வேர் சிகிச்சை செய்த பல் உண்டா? உறை போட்ட பல்லின் மேல் பிராக்கெட் ஒட்டியிருக்கிறார்களா? குறிப்பாக, ஊர் மாறி வந்து வேறொரு மருத்துவரிடம் கழற்றிக்கொள்பவர்கள், பழைய மருத்துவமனையிலிருந்து சிகிச்சைக்கு முந்தைய புகைப்படங்களையும், போட்ட பிராக்கெட் எந்த நிறுவனத்தின் எந்த வகை என்ற குறிப்பையும் கேட்டு வாங்கி வர வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் நெருக்கும் கோணமும் பிளையரும் வேறு. ஒன்றின் பக்கவாட்டில் நெருக்க வேண்டியதை இன்னொன்றின் மேலும் கீழும் நெருக்கினால் உடையத்தான் செய்யும். நான் தொடங்கும் முன் ஒவ்வொரு முன்பல்லையும் பின்புறமிருந்து விளக்கொளி பாய்ச்சிப் பார்ப்பேன். நெடுக்காக ஓடும் மெல்லிய விரிசல் கோடுகள் வயது வந்தவர்களிடம் மிகச் சாதாரணம். அவை முன்பே இருந்தவை என்பதை நோயாளிக்குக் காட்டிப் படமும் எடுத்துவைத்துவிட்டால், பிறகு இரு தரப்புக்கும் மனக்கசப்பு வராது.

இனி நாற்காலியில் நடப்பது. சாம்பார் மஞ்சளில் ஊறிப் பழுத்துப்போன ரப்பர் வளையங்கள் முதலில் கழலும். கம்பியை முன்பே எடுப்பதா, பிராக்கெட்டுகளைக் கோத்துப் பிடித்திருக்கட்டும் என்று விட்டுவைப்பதா என்பது பிராக்கெட்டின் வகையையும் மருத்துவரின் பழக்கத்தையும் பொறுத்தது. பிராக்கெட்டின் ஓரங்களில் வழிந்து இறுகிய பசையைச் சுரண்டியபின்தான் பிளையரின் வாய் சரியாக உட்காரும். இந்த இரண்டு நிமிட வேலையைத் தவிர்ப்பதாலேயே பாதி பிராக்கெட்டுகள் உடைகின்றன என்பது என் அனுபவம். கண்ணுக்குக் கண்ணாடி போடுவோம், ஏனெனில் செராமிக் சில்லு எகிறும். தொண்டைக்குள் சில்லு போகாமலிருக்க நாக்கின் மேல் ஒரு துணியை விரித்து, நாற்காலியையும் முழுதாகச் சாய்க்காமல் வைத்திருப்போம். பஞ்சுச் சுருளைக் கடித்துக்கொள்ளச் சொல்வது பல் அசையாமல் தாங்கிக்கொள்வதற்காக; அதை நன்றாகக் கடிப்பவர்களுக்குக் கூச்சம் கணிசமாகக் குறைகிறது. பிளையர் நெருங்கும்போது பல்லைப் பிடித்து அழுத்துவது போன்ற உணர்வு, பிறகு மண்டைக்குள் கேட்கும் ஒரு 'டக்'. அந்தச் சத்தத்தில் பல்லே உடைந்துவிட்டது என்று துள்ளியவர்கள் உண்டு; உடைந்தது பசையின் பிடிப்பு. சிகிச்சையின் முடிவில் பற்கள் இலேசாக ஆடும் என்பதால் கீழ் முன்பற்களில் சுருக்கென்று இருக்கலாம். மரத்துப்போகும் ஊசி பொதுவாகத் தேவைப்படாது. உங்களுக்கு உணர்வு இருப்பதுதான் எனக்குத் துணை, கூசினால் இடக்கையைத் தூக்குங்கள், நிறுத்திவிடுகிறேன். செராமிக் என்று சொல்லிப் போட்டிருந்தாலும் கடைவாய்ப் பற்களில் உலோக வளையமோ குழாயோதான் இருக்கும். வளையத்தை எடுக்கும்போது ஈறு கொஞ்சம் கசியும், உப்புநீரில் கொப்பளித்தால் சரியாகிவிடும்.

உடைந்து நிற்கும் சில்லைப் பற்றி ஒரு கதை. தனியாகப் பணியைத் தொடங்கிய முதல் ஆண்டில் ஒரு வியாழக்கிழமை மாலை, மறுநாள் நிச்சயதார்த்தம் என்று ஒரு பெண் தாயாரோடு வந்தார். மேல்தாடை வலது கோரைப்பல்லின் பிராக்கெட்டில் நான் பிளையரை வைத்ததும் கம்பியைக் கட்டிப் பிடிக்கும் அதன் சிறகுகள் மட்டும் நொறுங்கி, அடிப்பகுதி பல்லோடு நின்றுவிட்டது. பிடிக்க எதுவும் இல்லாத அந்தத் துண்டை வைரத்தூள் பதித்த முனையால், தண்ணீர் பீய்ச்சியபடி, கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து எடுக்க இருபது நிமிடத்துக்கு மேலாயிற்று. பல்லுக்கு ஒரு கீறலும் இல்லை; ஆனால் ஓரத்து ஈறு உரசிச் சிவந்து வீங்கிவிட்டது. "நாளைக்குக் காலையில போட்டோ எடுப்பாங்களே, டாக்டர்" என்று தாயார் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து, விழா என்றால் குறைந்தது மூன்று வாரங்களுக்கு முன் கழற்றிவிடுவோம், இல்லாவிட்டால் விழா முடிந்தபின் வாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

பிராக்கெட்டுகள் அனைத்தும் வந்தபின் நோயாளிக்கு வேலை முடிந்தது போலத் தோன்றும். எனக்கு அங்கேதான் வேலை தொடங்குகிறது. பசை பல்லின் நிறத்திலேயே இருப்பது. ஈரத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. காற்றை ஊதி உலர்த்தினால் மட்டும் சுண்ணாம்பு போல மங்கலாகத் தனித்துத் தெரியும். எனவே பன்னிரண்டு வெட்டு விளிம்புகள் கொண்ட டங்ஸ்டன் கார்பைடு முனையை மெதுவாகச் சுழலவிட்டு, துடைப்பம் போல இலேசாகத் தொட்டுத் தொட்டு எடுத்து, ஊதிப் பார்த்து, மறுபடி எடுக்க வேண்டும். ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் சூடேறும். பல்லுக்குள் நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள உயிர்க்கூழ் 5.5 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினாலே சில பற்களில் மீளாத பாதிப்பு உண்டாகிறது என்று குரங்குகளில் நடத்திய ஆய்வொன்று 1965-இலேயே காட்டியது. ஆகவே இடையிடையே நிறுத்துவதையும் காற்றும் நீரும் பீய்ச்சுவதையும் மருத்துவர் நேரத்தைக் கடத்துகிறார் என்று எண்ணிவிடாதீர்கள். பிளாஸ்டிக் தீய்ந்தது போன்ற வாடை வரும், குளிர்காற்று பட்டுச் சிலிர்க்கும். எனாமல் ஒருமுறை போனால் உடல் அதைத் திரும்ப வளர்ப்பதில்லை. பசையின் கடைசிப் படலத்துக்கும் எனாமலுக்கும் இடையே உள்ள அந்த மெல்லிய எல்லையில்தான் பொறுமை தேவைப்படுகிறது. இறுதியில் ரப்பர் கிண்ணத்தில் பியூமிஸ் மாவு வைத்து மெருகேற்றுவோம். இவையெல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்தை ஒதுக்கிக்கொண்டு வாருங்கள். "மதிய இடைவேளையில் வந்து கழற்றிக்கொண்டு போகிறேன்" என்பவர்களுக்கு நான் வேறு நாள் கொடுத்துவிடுவேன்.

வீட்டுக்குப் போனபின் நாக்கை முன்பல்லில் ஓட்டிப் பாருங்கள். எங்காவது சொரசொரப்பாகத் தட்டுப்பட்டாலோ, சில மாதங்களில் பல்லின் நடுவில் சதுரமாக ஒரு மஞ்சள் திட்டு தெரிந்தாலோ, அது விடுபட்ட பசை காப்பியையும் மஞ்சளையும் உறிஞ்சிக்கொண்டது. ஐந்து நிமிட வேலை. அதற்காக வெளுக்கும் சிகிச்சைக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

கண்ணாடியைக் கையில் கொடுத்ததும் பலரும் சிரிப்பதற்கு முன் திகைக்கிறார்கள். பற்கள் பெரிதாக, வழுவழுவென்று யாருடையவோ போலத் தெரியும். இரண்டு நாளில் பழகிவிடும். ஈறு வீங்கியிருந்தால், ஒழுங்காகத் துலக்கினால் சில வாரங்களில் வடியும். நெருக்கமாக ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்த பற்களை வரிசைப்படுத்திய பெரியவர்களுக்கு, ஈறருகே பற்களுக்கு இடையில் கருப்பாகச் சிறு முக்கோண இடைவெளி தெரியலாம். அது கழற்றியதால் வந்ததன்று. அதிகம் வருத்துவது வெள்ளைத் திட்டுகள்தாம். பிராக்கெட்டைச் சுற்றித் தேங்கிய உணவிலிருந்து கிருமிகள் உண்டாக்கிய அமிலம் எனாமலின் கனிமத்தைக் கரைத்ததன் தடம் அது, சொத்தையின் முதல் படி. வாயை உலர்த்தி வேலை செய்திருப்பதால் அன்று அவை இன்னும் வெளேரென்று தெரியும். எச்சிலே அடுத்த சில மாதங்களில் அவற்றை ஓரளவு சரிசெய்கிறது. ஃபுளோரைடு கலந்த சாதாரணப் பற்பசை போதும். முன்பல் திட்டுகளின் மேல் அடர்த்தியான ஃபுளோரைடை உடனே பூசினால் மேற்பரப்பு மட்டும் இறுகி, உள்ளே திட்டு அப்படியே நிரந்தரமாகிவிடக்கூடும். பொறுத்திருந்து பார்த்தும் மறையாதவற்றுக்குப் பிசின் ஊடுருவச் செய்யும் சிகிச்சை உண்டு.

பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்துவைக்கும் ரிட்டெய்னருக்கு அன்றே அளவு எடுப்போம். அதன் கட்டணம் மொத்தத் தொகையில் அடக்கமா, தனியா என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பல்லைச் சுற்றிய ஈறு நார்களில் சில புதிய இடத்துக்கு ஏற்ப அமைய ஓராண்டு வரை ஆகும். அதுவரை அவை பழைய இடத்துக்கே இழுக்கும். முதல் சில மாதங்கள் சாப்பிடும் நேரமும் துலக்கும் நேரமும் தவிர நாள் முழுவதும், பிறகு இரவில் மட்டும். வெந்நீரில் கழுவினால் கண்ணாடி போன்ற ரிட்டெய்னர் நெளிந்துவிடும். என்னிடம் வந்து "தொலைந்துவிட்டது" என்று சொல்பவர்களில் நிறையப் பேர் அதைத் தொலைத்த இடம் கல்யாணப் பந்தி. சாப்பிடும்போது கழற்றி இலையின் ஓரத்தில் வைத்து, பேச்சு சுவாரசியத்தில் இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அதற்கென்று கொடுக்கும் சின்ன டப்பாவைச் சட்டைப் பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். முதல் பரிசோதனைக்கு வரும்போது ரிட்டெய்னரைப் போட்டுக்கொண்டே வாருங்கள். அது பல்லில் எவ்வளவு இறுக்கமாக உட்காருகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.