வீட்டை எழுதிக் கொடுத்த பிறகும் வழி உண்டு: ஏழை முதியோருக்குத் தங்க இடமும் உதவியும்

எங்கள் தெருக் கோடியில் ஒரு ஆச்சி இருக்கிறார். நாற்பது வருஷம் பீடி சுற்றியவர். விரல் நுனியில் ரேகை என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. உதவித்தொகை கொடுக்க வரும் வங்கிப் பிரதிநிதி கைக்கருவியை நீட்டியதும், ஆச்சி வலது கட்டைவிரலை முந்தானையில் துடைத்து வைப்பார். சிவப்பு விளக்கு எரியும். ஈரத்துணியில் துடைத்து மறுபடி வைப்பார். அப்புறம் இடது கை. அப்புறம் ஆள்காட்டி விரல். ஏழாவது எட்டாவது தடவையில்தான் பச்சை எரியும். அந்தப் பணத்துக்காகக் காலையிலிருந்தே திண்ணையில் காத்திருப்பார்.

அந்தத் திண்ணையும் வீடும் ஒரு காலத்தில் அவர் பேரில்தான் இருந்தன. மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது உள்ளே மகன் குடும்பம், ஆச்சிக்குத் திண்ணை.

"ஏதாவது முதியோர் இல்லம் இருந்தா பாத்துச் சேத்து விடு ராசா" என்று ஒருநாள் கேட்டார். வீட்டில் இடமில்லாமல் போன வயதானவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் இன்றிருக்கும் சட்டத்தையும் திட்டங்களையும் பார்த்தால், இல்லத்தைக் கடைசியாகத்தான் தேட வேண்டும் என்பேன். முதலில் பார்க்க வேண்டியது, ஏற்கெனவே இருந்த கூரையை மீட்க முடியுமா என்பது.

எழுதிக் கொடுத்த வீடு

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007ல் வந்தது. 60 வயது ஆனவர்கள் எல்லோரும் இதில் மூத்த குடிமக்கள். பெற்றோர் என்றால் 60 ஆகியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பராமரிப்பு என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் விளக்கத்தில் சாப்பாடு, துணி, மருத்துவம் ஆகியவற்றோடு குடியிருக்க இடமும் சேர்த்தி. ஆகவே "மாசம் சோத்துக்குக் காசு கொடுக்கிறேனே" என்று மகன் சொன்னால் கடமை முடிந்துவிடாது.

யாரிடம் கேட்கலாம்? மகன், மகள், வயது வந்த பேரன், பேத்தி. பிள்ளை இல்லாதவர் என்றால், அவர் சொத்தை வைத்திருக்கும் அல்லது அவருக்குப் பின் வாரிசாக அதைப் பெறப்போகும் உறவினரிடம் கேட்கலாம்.

மனு கொடுக்க வேண்டிய இடம் வருவாய் கோட்டாட்சியர் அலுவலகம். இந்த மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயம் அவர் தலைமையில்தான் நடக்கிறது. மக்கள் ஆர்டிஓ ஆபீஸ் என்பார்கள். வண்டி லைசென்ஸ் தரும் ஆர்டிஓ வேறு, இது வேறு. தெரியாமல் அங்கே போய் அலைந்து திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். முதியவர் இப்போது இருக்கும் ஊர், கடைசியாக இருந்த ஊர், பிள்ளை இருக்கும் ஊர் என இந்த மூன்றில் எங்கே வேண்டுமானாலும் மனு போடலாம். மகன் சென்னையில் இருக்கிறான் என்பதற்காகத் தாய் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை.

இந்தத் தீர்ப்பாயத்தில் வக்கீல் வைத்து வாதாட முடியாது என்று சட்டம் சொல்கிறது. பலருக்கு இது குறையாகத் தோன்றலாம். எனக்கு இது பெரிய ஆறுதல். பணம் உள்ள பிள்ளை பெரிய வக்கீலோடு வந்து நிற்க, ஆச்சி தனியாக நிற்கும் காட்சி இங்கே வராமல் இருக்கத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். முதியவரால் வர முடியாவிட்டால் அவர் அனுமதித்த ஒருவரோ ஒரு தொண்டு அமைப்போ மனு கொடுக்கலாம். யாருமே மனு கொடுக்காவிட்டாலும் தகவல் தெரிந்தால் தீர்ப்பாயம் தானாகவே விசாரிக்கலாம்.

எதிர்தரப்புக்கு நோட்டீஸ் போனதிலிருந்து 90 நாளில் பராமரிப்பு மனுவை முடிக்க வேண்டும். தனிக் காரணம் இருந்தால் இன்னும் 30 நாள். அதுவரை இடைக்காலத் தொகை கேட்கலாம். பராமரிப்புத் தொகையாக மாதத்துக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். உத்தரவை மதிக்காத பிள்ளையின் மேல் வாரண்ட் போகும், ஒரு மாதம் வரை சிறையும் உண்டு. தீர்ப்பில் நியாயம் கிடைக்கவில்லை என்றால் 60 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு.

இனி வீட்டு விஷயம். சட்டத்தின் 23வது பிரிவுதான் இதில் உயிர்நாடி. என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளாமல் விட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு எழுதிய பத்திரங்களுக்கு இது பொருந்தும்.

சிக்கல் எங்கே என்றால், நம் ஊர் தான செட்டில்மென்ட் பத்திரங்களில் "அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று இருக்குமே தவிர, "ஆயுள் வரை சோறு போட்டு, இருக்க இடம் கொடுக்க வேண்டும்" என்ற வரி இருக்காது. 2022ல் உச்ச நீதிமன்றம், நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்றது. பிறகு 2025 ஜனவரி 2ஆம் தேதி வந்த இன்னொரு தீர்ப்பில் அதே நீதிமன்றம், இது முதியோர் நலனுக்கான சட்டம், அதைத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும், வீட்டைத் திரும்ப ஒப்படைக்கச் சொல்லவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்று சொன்னது. அந்த ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு படி மேலே போய், பத்திரத்தில் அந்த வரி இல்லாவிட்டாலும் அன்பின் பேரில் கொடுத்தார்கள் என்பதிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது என்றது. ஆகவே "பத்திரத்துல அப்படி எழுதலையே, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்று யாராவது சொன்னால் அதைக் கேட்டுத் திரும்பி வந்துவிட வேண்டாம்.

இன்னும் எழுதிக் கொடுக்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உயில் எழுதினால் அது உங்கள் காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும், உயிரோடு இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட் அப்படி இல்லை, பதிவான அன்றே வீடு கைமாறிவிடும். பிள்ளைகள் அவசரப்படுத்தினாலும் உயிலோடு நில்லுங்கள். செட்டில்மென்ட்தான் வேண்டும் என்று நின்றால், உங்கள் ஆயுள் வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் பராமரிப்பு நிபந்தனையையும் தெளிவாக எழுதச் சொல்லி, பத்திர எழுத்தர் வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

மாதப் பணமும் தனி அட்டையும்

முதியோர் உதவித்தொகை 60 வயதாகி, வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு. 1,000 ரூபாயாக இருந்தது 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. இதில் மத்திய அரசின் பங்கு 79 வயது வரை 200 ரூபாய், 80 முதல் 500 ரூபாய். மற்றது மாநில அரசு போடுவது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சேலையோ வேட்டியோ உண்டு. இ-சேவை மையத்தில் பதியலாம். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், போட்டோ கொண்டு போக வேண்டும். மனு விஏஓ, வருவாய் ஆய்வாளர் வழியாகச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும்.

விசாரணையில் "மகன் இருக்கானா?" என்று கேட்பார்கள். இங்கேதான் நம் ஆட்கள் தடுமாறுகிறார்கள். மகனை விட்டுக் கொடுக்க மனசு வராமல் "இருக்கான், நல்லாத்தான் பாத்துக்கிறான்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். மனு தள்ளுபடி ஆன பிறகு அழுவார்கள். பார்த்துக்கொள்ளவில்லை என்றால் பார்த்துக்கொள்ளவில்லை என்றே சொல்லுங்கள். அப்படிச் சொல்வதால் பிள்ளைக்குத் துரோகம் செய்ததாக ஆகாது.

கைரேகை பதியாத பிரச்சினை ஆச்சிக்கு மட்டும் இல்லை. பீடி சுற்றியவர்கள், களை எடுத்தவர்கள், சித்தாள் வேலை பார்த்தவர்கள் எல்லோருக்கும் உண்டு. ஆதார் மையத்தில் கைரேகையையும் கண் கருவிழியையும் புதுப்பித்துக்கொண்டால் ஓரளவு சரியாகும். கருவிழிக் கருவி இருக்கும் இடத்தில் அதில் பதியச் சொல்லிக் கேட்கலாம்.

தனியாகச் சமைத்துச் சாப்பிடுபவர் என்றால் மகன் அட்டையிலிருந்து பெயரை நீக்கித் தனிக் குடும்ப அட்டைக்கு மனுப் போடுங்கள். அரிசிக்காக மட்டும் சொல்லவில்லை. தனிக் குடித்தனம் என்பதற்கு அதுவே சாட்சியாகவும் நிற்கும். வருமானத்துக்கு வழியில்லாத முதியவர்கள் மாதம் 35 கிலோ அரிசி தரும் அந்தியோதயா அட்டையும் கேட்கலாம். கடைக்குப் போக முடியாத முதியவர்களுக்குப் பொருளை வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. உங்கள் அட்டை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ரேஷன் கடையிலேயே கேட்கலாம்.

மருந்து விஷயத்தில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் உண்மையாகவே உதவும். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களுக்கு மாத்திரை வீட்டுக்கே வரும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி தணிக்கும் சிகிச்சையும் இயன்முறைப் பயிற்சியும் வீட்டிலேயே உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும்.

சொந்த இடம் இருந்து, வீடு இல்லாதவர்களுக்கு

குடிசையில் இருப்பவர், இடத்துக்குப் பட்டா இருந்தால் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தைக் கேட்கலாம். 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் வரை அரசு தரும். வேலை நடக்க நடக்கத் தவணையாகத்தான் வரும். கல்லும் சிமென்ட்டும் முன்பணம் போட்டு வாங்கி, கொத்தனாரைப் பார்த்து வேலை வாங்க எழுபது வயதுக்காரரால் முடியுமா? நம்பிக்கையான ஒருவர் கூட இல்லாமல் இதில் இறங்க வேண்டாம் என்பது என் எண்ணம். அஸ்திவாரத்தோடு நின்றுபோன வீடுகள் ஊருக்கு ஊர் உண்டு. முன்பு அரசு கட்டித் தந்த தொகுப்பு வீட்டில் ஒழுகும் கூரையோடு இருப்பவர், பழுது பார்க்கும் திட்டத்தில் சேர்க்கச் சொல்லி ஒன்றிய அலுவலகத்தில் மனுக் கொடுப்பது எளிது. பயனாளிப் பட்டியல் பற்றி கிராம சபையில் எழுந்து கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது.

நகரத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகள் இருக்கின்றன. பழைய பேருக்குக் குடிசை மாற்று வாரியம். ஒதுக்கீட்டில் முதியவருக்குத் தரைத்தளமோ கீழ்த்தளமோ வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். பிரதமர் வீடு கட்டும் திட்ட விதிகளிலேயே அந்த முன்னுரிமை இருக்கிறது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடி கிடைத்தால், மூட்டுவலிக்காரருக்கு அது வீடு கிடைக்காததற்குச் சமம்.

எதுவும் இல்லை என்றால்

உறவும் இல்லை, இடமும் இல்லை என்றால்தான் இல்லம். மேலே சொன்ன சட்டத்தின் 19வது பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 பேர் தங்கும் இல்லம் அமைக்கலாம் என்கிறது. ஆனால் "அமைக்கலாம்" என்றுதான் இருக்கிறது, "அமைத்தே ஆக வேண்டும்" என்று இல்லை. அதனால் நடப்பில் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் அரசு மானியத்தில் தொண்டு அமைப்புகள் நடத்தும் சிறிய இல்லங்கள்தான். 25 முதியவர்களும் 25 ஆதரவற்ற குழந்தைகளும் ஒரே வளாகத்தில் இருக்கும் ஒருங்கிணைந்த வளாகங்களும் சில ஒன்றியங்களில் உண்டு. காலியிடம் பற்றி மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள். இலவசம் என்று சொல்லி உதவித்தொகைப் புத்தகத்தையும் ஏடிஎம் அட்டையையும் வாங்கி வைத்துக்கொள்ளும் இடமாக இருந்தால் சேர வேண்டாம். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள்.

ராத்திரிக்குத் தலை சாய்க்க இடம் இல்லாதவர்களுக்கு நகரங்களில் வீடற்றோர் தங்குமிடங்கள் இருக்கின்றன, கட்டணம் இல்லை. பகலில் மட்டும் கவனிப்பு வேண்டும் என்றால், 2025 நவம்பரில் தொடங்கிய அன்புச்சோலை மையங்கள் சில மாநகரங்களில் உண்டு. முதலில் எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் 14567. இலவச எண், காலை 8 முதல் இரவு 8 வரை, தமிழிலேயே பேசலாம். சட்ட உதவிக்கு 15100.

ஆச்சிக்குக் கடைசியில் இல்லம் தேடவில்லை. மனு எழுதினோம். மஞ்சப் பையில் பத்திர நகல், ஆதார், கண் ஆபரேஷன் சீட்டு எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு இரண்டு தடவை கோட்டாட்சியர் அலுவலகம் போய் வந்தார். சமரசப் பேச்சில் மகன் பின்கட்டு அறையைக் கொடுக்கவும் மாதம் 1,500 ரூபாய் தரவும் ஒத்துக்கொண்டார். அதை அப்படியே உத்தரவாக எழுதி வாங்கினோம். பத்திரம் இன்னும் மகன் பேரில்தான் இருக்கிறது. பேச்சு மாறினால் 23வது பிரிவில் ரத்து கேட்கும் உரிமை தனக்கு உண்டு என்ற வரியையும் அதில் சேர்க்கச் சொன்னார் ஆச்சி. எழுதியதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கைநாட்டு வைத்தார்.