பிரசவ ரத்தப்போக்கு: கண் அளவை நம்பாதீர்கள்

"பிள்ளை பெத்தா ரத்தம் போகத்தான் செய்யும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் தவறில்லை. எவ்வளவு போகிறது என்பதை அளக்காமல் விடுவதில்தான் உயிர் போகிறது.

சுகப்பிரசவத்தில் 500 மில்லியைத் தாண்டினால் அது அதிக ரத்தப்போக்கு. பிரசவ அறையில் ஒரு கிட்னி ட்ரே (சிறுநீரக வடிவத் தட்டு) நிரம்பினால் அவ்வளவு இருக்கும். முழுக்க நனைந்த ஒரு பேட் ஏறக்குறைய 100 மில்லி. ஆனால் ரத்தம் ட்ரேயில் மட்டுமா விழுகிறது? விரிப்பில் ஊறுகிறது, பஞ்சில் ஒட்டுகிறது, தரையில் சொட்டுகிறது. கர்நாடகத்தின் பெல்காமில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், அளவு கோடிட்ட பையில் சேர்ந்ததைவிடக் கண்ணால் மதிப்பிட்டது 33 சதவீதம் குறைவு. அனுபவம் கூடினாலும் கண் ஏமாறத்தான் செய்யும்.

அந்தப் பை எளிய பிளாஸ்டிக் விரிப்பு; கீழ்முனை புனல்போல் குவிந்திருக்கும். குழந்தை வெளிவந்து பனிக்குடநீர் வடிந்தவுடன் தாயின் இடுப்புக்கடியில் விரிக்க வேண்டும். முந்தினால் பனிக்குடநீரும் கலந்து அளவு கூடும். பிந்தினால் முதலில் போன ரத்தம் கணக்கில் வராது.

நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் காட்டிக்கொடுக்காதா? தாமதமாகத்தான். கர்ப்பத்தில் உடலின் ரத்த அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காவதால், ஒரு லிட்டர் போன பிறகும் சிலருக்கு அழுத்தம் இறங்காது. ரத்தசோகை உள்ளவருக்கு அந்தத் தாங்கும் சக்தியும் இல்லை. அவருக்கு 500க்கு முன்பே ஆபத்து.

கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா நாடுகளின் 80 மருத்துவமனைகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில் நடந்த ஈ-மோட்டிவ் ஆய்வு 2023இல் வெளியானது. பையில் அளந்து, அளவு தாண்டியதும் கருப்பையைத் தேய்த்துவிடுதல், கருப்பையை இறுக்கும் ஆக்ஸிடோசின், உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், நரம்பு வழித் திரவம், பிறப்புப் பாதையில் கிழிசல் இருக்கிறதா என்ற பரிசோதனை ஆகிய ஐந்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒருசேரத் தொடங்கினார்கள். கடும் ரத்தப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை, அதனால் மரணம் ஆகியவை சேர்ந்து, வழக்கமான சிகிச்சை தந்த மருத்துவமனைகளில் 4.3 சதவீதம்; இப்படிச் செய்த மருத்துவமனைகளில் 1.6 சதவீதம்தான். மருந்து எதுவும் புதிதில்லை. நேரத்தோடு கொடுத்ததே வித்தியாசம். 300 மில்லியிலேயே நாடியோ அழுத்தமோ மாறினால் சிகிச்சையைத் தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2025இல் சொல்லிவிட்டது.

டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம், பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள். ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் பலன் சுமார் 10 சதவீதம் குறையும். ஆக்ஸிடோசினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். வெயிலில் கிடந்த மருந்து ஏறினாலும் கருப்பை சரியாக இறுகாது. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தாலும் இறுகாது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முதலில் சிறுநீரை வெளியேற்றுங்கள்.

தொப்புள் அருகே கை வைத்தால் கருப்பை தேங்காய்போலக் கெட்டியாகத் தெரிய வேண்டும். மெத்தென்றிருந்தால் உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஆறு வாரம் வரை கவனம் வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தாலோ, எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய கட்டி வந்தாலோ, தலைசுற்றலோ படபடப்போ சேர்ந்தாலோ விடியட்டும் என்று இருக்காமல் 108ஐ அழையுங்கள். நனைந்த பேட்களைத் தூக்கி எறியாமல் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் அவற்றை எண்ணிப் பார்ப்பார்.